இயந்திரம் யார் கையில்?

(மும்பையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்தரக் குடும்பக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாய் நம்மிடம் வந்து நின்றார். அவருடைய கணவர் தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். "அண்ணே, கம்ப்யூட்டர் வச்சுத் தோல் வெட்டுற மிசினு வாங்கப் போறாராம் சேட்டு. இருபத்திரண்டு வருசமா இவருக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். மூத்தவன் காலேஜ்ல படிக்கிறான். மிசினு வந்துட்டா நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார். அன்று நம்மால் ஆறுதல் சொல்ல முடிந்தது. பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த கூட்டத்தில் பேசுவோம் அக்கா" என்று அனுப்பி வைத்தோம். அந்த அக்கா இன்றும் வந்திருக்கிறார். ஆகவே இன்றைய பேச்சு, அவர் கேட்ட கேள்விக்கு இந்தச் சங்கம் சொல்ல வேண்டிய பதில்.

தோழர்களே, இயந்திரம் என்றதும் நாம் தொழிற்சாலையை நினைக்கிறோம். வீட்டுக்குள்ளேயே ஓர் இயந்திரம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவோம். தாராவியில் விடியுமுன் எத்தனை வீடுகளில் இட்லி வேகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இட்லிகள் சைக்கிளில் ஏறி மும்பைத் தெருக்களுக்குப் போகின்றன. அந்தக் காலத்தில் நம் தாய்மார்கள் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து தோள் இற்றுப் போக மாவாட்டினார்கள். 1950களில் கோயம்புத்தூரில் கிரைண்டர் பிறந்தது. இன்று அந்த ஊரின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. அது வந்தபின் நம் தாய்மார்களின் தோள் பிழைத்தது, நான்கு படி போட்ட இடத்தில் எட்டுப் படி போட முடிந்தது, வருமானம் உயர்ந்தது. அந்த இயந்திரத்தை நாம் சபிக்கவில்லை. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் அதே கிரைண்டர் ஓட்டல்களுக்கும் போயிற்று. அங்கே மாவாட்டுவதற்கென்று கூலிக்கு ஆள் இருந்தார். கிரைண்டர் வந்த மாதமே அவரை, "இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இயந்திரம் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான். ஓரிடத்தில் அது சோறு போட்டது. இன்னோரிடத்தில் சோற்றைப் பறித்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? வீட்டில் யாருடைய கை உழைத்ததோ அவருக்கே இயந்திரமும் சொந்தம். ஓட்டலில் உழைத்த கை ஒன்று, இயந்திரத்துக்குச் சொந்தக்காரரின் கை வேறொன்று. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். இயந்திரம் யாரையும் வேலையைவிட்டு நீக்குவதில்லை. அதை வாங்கியவர் நீக்குகிறார். ஆகவே நாம் பேச வேண்டியது இயந்திரத்தோடு அல்ல, வாங்குகிறவரோடு.

இதை இன்றுதான் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று எண்ண வேண்டாம். இந்த நகரத்தின் தொழிலாளர் வரலாறே இந்தக் கேள்வியின் வரலாறுதான். 1928ஆம் ஆண்டு பம்பாய் பஞ்சாலைகளில் சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, ஏறத்தாழ ஆறு மாதம், வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? இரண்டு தறி பார்த்த நெசவாளி மூன்று தறி பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் பார்த்த நூற்பாளி இரண்டு பக்கம் பார்க்க வேண்டும் என்றார்கள். மூவர் செய்ததை இருவர் செய்தால் மூன்றாமவர் எங்கே போவார் என்பதுதான் அன்றைய கேள்வி.

அதே 1928ல், ஜூலை மாதம், நம் தாய்நாட்டிலும் ஒரு போராட்டம் வெடித்தது. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை வேலைகளைப் பொன்மலைக்குக் கொண்டுசென்ற கம்பெனி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கத் திட்டமிட்டது. ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களோடு நின்றதற்காகத் தோழர் சிங்காரவேலர் முதிய வயதில் சிறைக்குப் போனார். இங்கே பஞ்சாலை, அங்கே ரயில் பட்டறை. ஒரே ஆண்டில் இரு கோடியிலும் எழுந்தது ஒரே குரல்.

அடுத்து 1982. ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கிய வேலைநிறுத்தத்தை நம் மூத்தவர்களில் சிலர் கண்ணால் கண்டவர்கள். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடித்துக்கொள்ளப்படவே இல்லை. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் ஆலை வாசலை மிதிக்கவில்லை. இதில் ஒரு பாடத்தைக் கவனியுங்கள். புதிய இயந்திரம் வந்ததால் மட்டும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. பல ஆலைகளில் புதிய இயந்திரம் வராததும் ஒரு காரணம். பழைய தறிகளை மாற்றப் பணம் போடாத முதலாளிகள், நெசவு வேலையைப் பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் போகவிட்டார்கள். அங்கே கூலி குறைவு, சங்கம் இல்லை. பிறகு ஆலை நிலத்துக்கு ஆலையைவிட விலை அதிகமாயிற்று. இன்று பரேல் பக்கம் போய்ப் பாருங்கள். புகைபோக்கி நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆகவே "இயந்திரமே வேண்டாம்" என்பது நமக்குப் பாதுகாப்பு அல்ல. இயந்திரம் வந்தாலும் வேலை போகலாம், வராவிட்டாலும் போகலாம். முடிவு எடுக்கும் மேசையில் நமக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

துறைமுகத்தைப் பாருங்கள். கப்பலின் அடிவயிற்றில் இறங்கி, கொக்கியால் மூட்டையைக் கோத்துத் தூக்கிய தலைமுறை ஒன்று நம் குடும்பங்களிலும் உண்டு. அந்தக் காலத்தில் அன்றன்று வாசலில் நிற்க வேண்டும். ஆள் பிடிப்பவர் கை காட்டினால் கூலி, இல்லையேல் பட்டினி. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வாரியம் அமைந்த பிறகு, பதிவு பெற்றவருக்கு வேலை இல்லாத நாளிலும் ஒரு தொகை கிடைத்தது. போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. அந்தப் பாதுகாப்பைக் கரைத்தது ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரலில் அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. தனித்தனி மூட்டையாக ஏற்றினால் ஒரு டன்னுக்குச் சுமார் ஆறு டாலர்; பெட்டியில் வைத்து ஏற்றினால் சுமார் பதினாறு சென்ட் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு ஒன்று போதாதா? 1989ல் நம் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் நவா சேவா துறைமுகம் பெட்டிகளைக் கையாளும் வசதியோடு திறந்தது. 1994ல் பம்பாய்த் துறைமுகத் தொழிலாளர் வாரியம் துறைமுகக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. பிறகு வந்தது விருப்ப ஓய்வு. அந்த விருப்பம் யாருடைய விருப்பம் என்று அன்று கையெழுத்துப் போட்டவர்களைக் கேளுங்கள்.

ஆனால் அதே பெட்டி அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறு விதமாக வந்தது. அங்கே துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960லேயே, பெட்டி முழுதாக வந்து சேருமுன்பே, முதலாளிகளோடு உட்கார்ந்தது. "இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள், ஆனால் பதிவு பெற்ற ஒருவரைக்கூட நீக்கக் கூடாது, மிச்சமாகும் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும்" என்றது. ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்குப் போயிற்று. அதிலிருந்து முதியவர்கள் பணத்தோடு முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். வெள்ளம் வருமுன் அணை போட்டவர்கள் அவர்கள்.

நம் நாட்டிலும் அணை போட்டவர்கள் உண்டு. 1983 செப்டம்பரில் வங்கி ஊழியர் சங்கங்கள் வங்கி நிர்வாகங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. எத்தனை கணினி, எந்தக் கிளையில், எந்த வேலைக்கு என்று எல்லை வகுத்தார்கள். வேலையில் இருப்பவரை அதைக் காரணம் காட்டி நீக்குவதில்லை என்று உறுதி பெற்றார்கள். அப்போது அவர்களைப் பழமைவாதிகள் என்று ஏசியவர்கள் பலர். ஆனால் பேரேட்டோடு வாழ்ந்த குமாஸ்தாக்கள் கணினி முன் உட்காரப் பழக அந்த ஒப்பந்தம் அவகாசம் கொடுத்தது. குடும்பங்கள் தெருவுக்கு வரவில்லை.

ஆனாலும் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒப்பந்தம் நாற்காலியில் இருந்தவரைக் காத்தது, நாற்காலியைக் காக்கவில்லை. 2000-2001ல் பொதுத்துறை வங்கிகளில் சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். அப்பா கௌரவமாக ஓய்வு பெற்றார். மகனுக்கு அந்த வேலை இல்லை. தட்டச்சும் அப்படித்தான். ரயிலேறி மாட்டுங்காவில் வந்து இறங்கிய நம் பெரியவர்கள் பலர் 'டைப்பும் ஷார்ட்ஹேண்டும்' என்ற இரண்டு சொல்லை நம்பியே வந்தார்கள். இந்தியாவில் செய்த தட்டச்சுப் பொறி 1955ல் இதே பம்பாயிலிருந்துதான் வெளிவந்தது. அதே கோத்ரெஜ் நிறுவனம் 2009ல் அதைச் செய்வதை நிறுத்தியது. ஒரு தலைமுறைக்குச் சோறு போட்ட இயந்திரத்தை அடுத்த இயந்திரம் விழுங்கியது. ஆகவே இருப்பவரைக் காப்பது ஒரு போராட்டம். வரப்போகிற பிள்ளைக்கு வழி செய்வது இன்னொரு போராட்டம். ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கக் கூடாது.

இன்று செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்கள். கணினி படித்த பிள்ளைக்கு வேலைப் பயம் இல்லை என்று நாம் நம்பியிருந்தோம். 2025 ஜூலையில் இந்த நகரத்தையே தலைமையிடமாகக் கொண்ட நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியரில் 2 விழுக்காட்டை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. காரணம் இயந்திரம் அல்ல, திறமைப் பொருத்தம் இல்லாமை என்றது நிர்வாகம். காரணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், மாதத் தவணை கட்ட வேண்டிய வீட்டில் கண்ணீர் ஒன்றுதான். தோல் வெட்டுகிறவரும் கணினிப் பொறியாளரும் இன்று ஒரே பயத்தோடு படுக்கப் போகிறார்கள். இது வருத்தத்துக்குரிய செய்திதான். ஆனால் இருவரும் ஒரே சங்கத்தில் உட்கார இதைவிட நல்ல காரணமும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே. இயந்திரம் எங்கே வர வேண்டுமோ அங்கே வருகிறதா? பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்குவதைத் தடுக்க 2013லேயே சட்டம் வந்தது. 2018ல் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் இளைஞர்கள் சாக்கடை அள்ளும் இயந்திர மனிதனையே செய்து காட்டினார்கள். ஆயினும் மனிதர்கள் இறங்கிக்கொண்டும் இறந்துகொண்டும் இருந்ததால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட வேண்டி வந்தது. வெளிமாநில நகரங்களில் துப்புரவு வேலை செய்யும் நம் மக்கள் இதை அறிவார்கள். சம்பளம் மிச்சமாகும் இடத்துக்கு இயந்திரம் ஓடி வருகிறது. உயிர் மிச்சமாகும் இடத்துக்கு ஊர்ந்து வருகிறது. இயந்திரத்தைக் கேட்டுப் போராட வேண்டிய இடமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது?

1957ல் டில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று நெறிகளை ஏற்றார்கள். வேலையில் இருப்பவரை நீக்கக் கூடாது, வருமானமும் குறையக் கூடாது. மிச்சமாகும் லாபத்தைத் தொழிலாளி, முதலாளி, சமுதாயம் மூவரும் நியாயமாகப் பகிர வேண்டும். வேலைச் சுமையை இரு தரப்பும் ஏற்ற நிபுணர் அளக்க வேண்டும். அது சட்டமல்ல, ஒப்புதல்தான். ஆனால் நம் கோரிக்கையின் நியாயத்தை முதலாளிகளே ஒருமுறை ஏற்றார்கள் என்பதற்கு அது சாட்சி.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்துக்குத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவைக்கும் புதிய இயந்திர முறையைக் கொண்டுவர 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை நீக்க ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். மறுதிறன் நிதி என்ற பெயரில் மேலும் 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் சேர வேண்டும். இவை இருக்கின்றன. போனதும் உண்டு. முன்பு 100 பேர் இருந்த தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த வரம்பு 300. குறிப்பிட்ட காலப் பணி என்று ஆளெடுத்தால், காலம் முடிந்ததும் அனுப்புவது ஆட்குறைப்பே ஆகாது. ஆகவே எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

அக்காவின் கணவருக்குக் கணக்குப் போடுவோம். 22 ஆண்டு, ஆண்டுக்கு 15 நாள். 330 நாள் சம்பளம். பதினொரு மாதச் சோறு அது. பையன் படிப்பை முடிக்க உதவும் தொகை அது. ஆனால் அவர் 22 ஆண்டு அங்கே உழைத்தார் என்பதற்குச் சாட்சி என்ன? நாம் கேட்டோம். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சனிக்கிழமைதோறும் கையில் ரொக்கம். பழைய டைரி ஒன்றில் முன்பணம் வாங்கிய கணக்கு மட்டும் இருக்கிறது. தோழர்களே, நம்மை இயந்திரம் வெல்லுமுன் இந்தக் காகிதமில்லாமை வென்றுவிடுகிறது. நாளை நீதிமன்றத்தில், "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சேட்டு சொன்னால், 22 ஆண்டு ஒரு நொடியில் காற்றில் போய்விடும்.

ஆகவே சங்கம் சொல்வது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு போடுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கியில் வந்த கூலியின் பதிவு, பி.எப். எண், பட்டறையில் எடுத்த படம், முன்பணக் கணக்கு எழுதிய டைரி, எதுவாயினும் அதில் வையுங்கள். 10 பேருக்குக் குறையாத இடத்தில் வேலை செய்பவர்கள் நியமனக் கடிதம் கேளுங்கள்; இப்போது அது சட்டப்படி தர வேண்டியது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். பத்துப் பேராகப் போய்க் கேட்போம். புது இயந்திரம் வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். வந்து இறங்கியபின் சொல்லாதீர்கள். இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் சேட்டு பேச இறங்குவார். கட்டியபின் அவருடைய காது அடைத்துவிடும்.

அக்கா, உங்களுக்குச் சொல்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நிர்வாகக் குழுவில் மூவர் உங்கள் கணவரோடும், அந்தப் பட்டறையின் மற்ற தொழிலாளர்களோடும் சேட்டைப் பார்க்கப் போகிறோம். சண்டைக்குப் போகவில்லை. மூன்று விஷயம் கேட்கப் போகிறோம். முதலாவது, இயந்திரம் வந்தால் அதை ஓட்டும் வேலையை, புதிய ஆளைத் தேடாமல், தோலை அறிந்த இவருக்கே பழக்கிக் கொடுக்க வேண்டும். தோலில் எங்கே வடு, எங்கே மெலிவு, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று இருபத்திரண்டு ஆண்டு விரலால் படித்தவர் அவர். அந்த அறிவு இயந்திரத்துக்கும் வேண்டும். இரண்டாவது, பழகும் மாதங்களில் சம்பளம் குறையக் கூடாது. மூன்றாவது, 22 ஆண்டுப் பணியை இப்போதே எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவர் முதல் இரண்டை மறுத்தாலும் மூன்றாவதை வாங்காமல் திரும்ப மாட்டோம்.

சேட்டும் சிறு முதலாளிதான். அவருக்கும் பெரிய கம்பெனியின் நெருக்கடி இருக்கிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அவர் இயந்திரம் வாங்காவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்குவார். அதனால்தான் இன்னொரு யோசனையையும் உங்கள் முன் வைக்கிறோம். கிரைண்டர் நம் வீட்டுக்கு வந்ததால் நம்மை வாழவைத்தது. தோல் வெட்டும் இயந்திரமும் ஏன் நம் கைக்கு வரக் கூடாது? பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவாக ஓர் இயந்திரம் வாங்கி, பட்டறைகளுக்கு வெட்டிக் கொடுத்தால் என்ன? விலை என்ன, கடன் எங்கே கிடைக்கும், வேலை நிற்காமல் வருமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஐவர் குழு அமைக்கலாம் என்று முன்மொழிகிறோம். கணக்கு ஒத்துவராவிட்டால் அதையும் மறைக்காமல் இந்த மேடையிலேயே சொல்வோம்.

ஊரை விட்டு வந்தபோது நம் பெட்டியில் துணிமணியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கையில் ஒரு வேலை இருந்தது; அதை நம்பி வந்தோம். அந்த வேலை நாளை மாறலாம். மாறும்போது, "நீ யார்?" என்று கேட்பவனுக்குக் காட்ட ஒரு காகிதமும், துணைக்கு வர ஒரு சங்கமும் நம்மிடம் இருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க வாசலில் கூடுவோம். அக்காவோடு நடந்து வர மனமுள்ளவர்கள் வாருங்கள்.